ஏலத்துக்கு வந்த ராட்டை

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் வெஸ்ட் ஃபிரெண்ட்ஷிப் என்று ஓர் ஊர். அங்கே மே மாதத் தொடக்கத்தில் செம்மறியாட்டுத் திருவிழா நடக்கும். 1970-களில் ஆரம்பித்தது. அதில் பழைய சாமான் ஏலமும் உண்டு. ரோமம் கத்தரிக்கும் மெஷின், தீவனத் தொட்டி, தறி, காலால் மிதிக்கும் ராட்டை... எல்லாமே செகண்ட் ஹேண்ட்.

கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போட்டுப் போட்டு இவற்றின் மதிப்பு எப்போதோ பூஜ்யமாகியிருக்கும். (பி.காம்.மில் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.) ஆனால், ஏலத்தில் இரண்டு பேர் கை தூக்கினால் போதும், விலை வந்துவிடும்.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய சரிவு இருக்கிறது. 1942-ல் அமெரிக்காவில் 5.6 கோடி செம்மறியாடுகள். 2024-ல் எவ்வளவு தெரியுமா? சுமார் 50 லட்சம்! நைலானும் பாலியஸ்டரும் கம்பளியை ஓரங்கட்டிவிட்டன. ராணுவ உடுப்புக்குக் கம்பளி வேண்டுமே என்று 1954-ல் சட்டம் போட்டு மானியம் கொடுத்தது அரசு. 1960-லேயே ராணுவம் தன் முக்கியப் பொருள் பட்டியலிலிருந்து கம்பளியை எடுத்துவிட்டது. அந்தச் சேதி மானியத்துக்குப் போய்ச் சேர 33 வருஷம் ஆனது! 1993-ல் ரத்து செய்தார்கள். 1995-உடன் பணம் நின்றது. மந்தை போன வீட்டில் சாமான் மட்டும் மிஞ்சாமல் என்ன செய்யும்?

சரி, வாங்குவது யார்? பத்து, பதினைந்து ஆடு வளர்க்கிற சின்னப் பண்ணைக்காரர்கள். ராட்டைக்குக் கை தூக்குகிறவர்களில் ஒரு ஆடுகூட இல்லாதவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக நூல் நூற்பார்களாம்!