வருணன்

வருணன், தமிழ் மரபில் நெய்தல் நிலத்துக்குரிய தெய்வம். கடலுக்கும் மழைக்கும் அதிபதி, மேற்குத் திசையின் காவலன். கையில் பாசக்கயிறு, ஊர்தி மகரம். உரோமானியரின் கடல் தெய்வமான நெப்டியூனோடு ஒப்பிடத்தக்கவன்.

முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. கடற்கரை வழிபாடு எப்படி இருந்தது என்பதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முழுநிலா நாளில் பரதவர் மீன்பிடிக்கப் போவதில்லை. வீட்டில் சுறாக்கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வணங்குகிறார்கள். தாழம்பூச் சூடி, பனங்கள் அருந்தி ஆடுகிறார்கள். வருணன் பெயர் அங்கே வரவில்லை. ஆனாலும் சிலையும் கோபுரமும் வேண்டாத அந்த வழிபாட்டைவிட உயிர்ப்பான சான்று நம் கடல் தெய்வ மரபுக்கு வேறில்லை.

நெப்டியூன் முதலில் ஊற்றுக்கும் ஆற்றுக்கும் உரிய நன்னீர்த் தெய்வம் என்பது அறிஞர் பலரின் கருத்து. அவனுக்கான நெப்டுனாலியா விழா, நீர் வற்றும் கடுங்கோடையில், ஜூலை 23 அன்று நடந்தது. மக்கள் தழைக்குடில் கட்டி நிழலில் கூடினர். கிரேக்கரின் பொசைடனோடு ஒன்றாக்கப்பட்ட பின்னரே கடல் முழுதும் அவன் வசமாயிற்று.

தமிழ்நாட்டில் வருணன் வந்த வழி இதற்கு நேர்மாறு. அவன் கடற்கரையிலிருந்து மழைத் தெய்வமாக மலைவரை வந்தான். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் இதைத் தெளிவாகக் காணலாம். ஊருக்கு மேற்கே ஏலமலை. தென்மேற்குப் பருவமழை இடுக்கிப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடுவதால், அடிவாரம் ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் நம்பியிருக்கிறது. போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்கோ மரநிழலும் ஈரமும் இல்லாமல் முடியாது. கோடைமழை தவறினால், தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரம் வாடி, காய்ப்பிடிப்பு குறைந்துவிடும். போடியின் ஏலக்காய் ஏல மையத்துக்கு வரும் மூட்டைகளிலும் அந்தக் குறைவு தெரியும்.

திணை இலக்கணப்படி இது சேயோனின் மலை. மழைக்கு உரியவனோ, இந்திரன் என்று உரையாசிரியர்கள் சொல்லும் வேந்தன். ஆனால் வானம் பொய்க்கும்போது தமிழ்நாடெங்கும் மக்கள் வேண்டுவது வருண பகவானை. கோயில்களில் தண்ணீர் நிரப்பிய அண்டாவுக்குள் கழுத்தளவு அமர்ந்து அர்ச்சகர்கள் வருண ஜெபம் செய்கிறார்கள். 2019 வறட்சியின்போது இந்து சமய அறநிலையத்துறையே தன் கோயில்களில் மழை வேள்வி நடத்தச் சுற்றறிக்கை அனுப்பியது. நாகசுரத்திலும் வயலினிலும் அமிர்தவர்ஷினி, மேகவர்ஷினி ராகங்களை வாசிக்கவும் அதில் சொல்லப்பட்டிருந்தது.