இடாப்புக் கூப்பிட்ட ஆக்களை ஆர் கூப்பிட்டது?

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றுக்குக் குறைவில்லை. நூற்றாண்டு மலர், பவளவிழா மலர், அதிபர் சேவைநலன் பாராட்டு மலர், ஆசிரியர் மணிவிழா மலர் என்று ஊருக்கு ஊர் அடுக்கி வைத்திருக்கிறோம். அந்த மலர்களில் வருகிற ஆசிரியர் எப்போதும் தன்னலமற்றவர், அயராது உழைத்தவர், மெழுகுவர்த்தி. உருகி ஒளி தந்தார் என்று எழுதுவோம். உருகினது எப்படி, எவ்வளவு நோ என்று ஒரு வரியும் எழுதமாட்டோம்.

மாணவர்களின் உளநலம் பற்றி இப்போது கொஞ்சம் கதைக்கத் தொடங்கியிருக்கிறோம். புலமைப்பரிசில் பரீட்சை அழுத்தம், ஏ.எல். அழுத்தம், போதைப்பொருள், தற்கொலை எண்டு கருத்தரங்கு நடக்குது. அந்தக் கருத்தரங்குகளில் ஆசிரியர் ஒன்றில் உதவி செய்ய வேண்டியவர், இல்லாவிட்டால் குற்றவாளி. அவரும் அதே செல்லடிக்குள், அதே இடப்பெயர்வுக்குள், அதே ஊரடங்குக்குள் இருந்த ஒரு மனிசர் எண்டது எங்களுக்கு ஞாபகம் வருவதில்லை. இந்தக் குடாநாட்டில் பள்ளிக்கூடத்தில் வேலை செய்தவர்களின் மனம் என்ன பட்டது என்று திரும்பிப் பார்க்கிற முயற்சி இது.

மரியாதை இருந்தது, பாதுகாப்பு இருக்கவில்லை

திண்ணையில் வைத்து அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த ஆளைச் சட்டம்பியார் என்றார்கள். 1816இல் அமெரிக்க மிசன் வந்து, 1823இல் வட்டுக்கோட்டை செமினறி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை என்று தொடங்கியபோது வாத்தியார் வேலை ஒரு உத்தியோகமானது. 1848இல் ஆறுமுக நாவலர் மிசன் பாடசாலை வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அது வீடு வீடாகச் சேர்த்த பிடியரிசியின் துணையோடும் நடந்த பள்ளிக்கூடம். மிசனோ சைவமோ, ஆசிரியரின் வேலை முகாமையாளரின் கையில். அவருக்குப் பிடிக்காத மதம், பிடிக்காத அரசியல், பிடிக்காத கலியாணம் எல்லாம் வேலைக்கு ஆபத்து.

1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசை நாங்கள் சுதந்திரப் போராட்டக் கதையாகவே படித்திருக்கிறோம். அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் ஒரு ஆசிரியர், பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபர், ஆசிரியர் சங்க இயக்கத்திலும் முன்னின்றவர். பள்ளிக்கூடங்களில் சம ஆசனம், சம போசனம் வேண்டும் என்று காங்கிரஸ் நின்றபோது எதிர்த்ததும் எங்கட ஊர்ப் பெரிய மனிசர்தான். வாத்தியார் என்றால் மரியாதை என்று நாங்கள் சொல்லிக்கொள்கிற அந்த மரியாதை சாதி பார்த்தே கிடைத்தது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து படித்து ஆசிரியரானவர் வகுப்புக்குள் போகும் முன்னமே தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் பெரும்பாலான உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தது. சம்பளமும் ஓய்வூதியமும் அரசாங்கத்திடம் வர, முகாமையாளர் மீதான பயம் போனது. ஆனால் புதுப் பயங்கள் வரக் கனகாலம் எடுக்கவில்லை.

சுண்ணக்கட்டியும் செல்லடியும்

1985 யூன் மாதம் யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி அதிபர் ஆனந்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவத்துக்கும் பாடசாலை மாணவர்களுக்கும் இடையில் ஒரு கிரிக்கெட் போட்டிக்கு ஒழுங்கு செய்தார் என்பதே அவர் மேல் சுமத்தப்பட்ட குற்றம். சுட்டது புலிகள். அன்றிலிருந்து ஒவ்வொரு அதிபரும் ஒவ்வொரு முடிவையும் இரண்டு பக்கமும் பார்த்து எடுக்கப் பழகினார். ஆமி வந்து விழா வைக்கச் சொன்னால் என்ன செய்வது? இயக்கம் வந்து பிள்ளைகளோட கதைக்க வேணும் எண்டால் என்ன செய்வது? காலையில் பெயர் கூப்பிட, ஒரு பிள்ளை இல்லை. இயக்கத்துக்குப் போயிட்டுதா, பிடிச்சுக்கொண்டு போட்டாங்களா, குடும்பத்தோட வெளிநாடா? இடாப்பில் எல்லாத்துக்கும் ஒரே குறிதான்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். ஒஸ்மானியா கல்லூரியில் படித்தவர்களும் படிப்பித்தவர்களும் கையில் பையோடு போனார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அடுத்த நாளும் மணி அடித்தது. கூடப் படிப்பித்த ஆள் நேற்று இருந்தார், இண்டைக்கு இல்லை. அதைக் கதைக்கவும் பயம். இந்த மௌனத்தையும் எங்கள் ஆசிரியர்களின் மனநலக் கதைக்குள் சேர்த்தே ஆகவேணும், ஏனெண்டால் குற்ற உணர்ச்சியும் ஒரு காயம்.

பிறகு பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தல் விளக்கில் படித்து எஞ்சினியர் ஆனவர்களின் கதை எங்களுக்குத் தெரியும். அதே விளக்கில் கொப்பி திருத்தின ரீச்சரின் கண்ணைப் பற்றித் தெரியாது.

1995 செப்ரெம்பர் 22இல் வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் விமானப்படை குண்டு போட்டதில் இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள் செத்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தப் பிள்ளைகளை நினைவுகூருகிறோம், அது சரி. அந்தப் பிள்ளைகளின் பெயரை முதல் நாள் கூப்பிட்ட ஆசிரியர் பிறகு எந்தப் பெயரைக் கூப்பிட்டார், எந்தக் குரலில் கூப்பிட்டார் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

ஐந்து கிழமை கழித்து, ஒக்டோபர் 30 இரவு, வலிகாமமே எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் லட்சக்கணக்கான சனம். தென்மராட்சிப் பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்களாயின. அங்கே ஆசிரியர் இரண்டு வேலை பார்த்தார். தானும் ஒரு மேசைக்குக் கீழே பாய் விரித்த அகதி, விடிய எழும்பினால் முகாம் பதிவு எழுதுகிற ஆள். பியோன், வோச்சர், எழுதுவினைஞர் எல்லோரும் அப்படித்தான். திறப்புக் கோர்வை வைத்திருந்த வோச்சரை எந்த மலரில் கண்டிருக்கிறம்?

1996 செப்ரெம்பர் 7இல் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வந்த கிருஷாந்தி செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டாள். அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவளைத் தேடிப் போன அம்மா இராசம்மா கைதடிப் பாடசாலை ஒன்றின் உப அதிபர். தம்பியும், துணைக்குப் போன அயலவரும் கூடக் கொல்லப்பட்டார்கள். மகளைத் தேடிப்போன தாய் என்று சொல்கிறோம். அடுத்த திங்கட்கிழமை அவரில்லாமல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கிறது. அந்தக் காரியாலயத்துக்குள் இருந்தவர்கள் அதை என்ன செய்தார்கள்?

கேள்வி கேட்கப் பழக்கினார்கள்

இந்த இடத்தில் ஒரு நல்ல கதையும் இருக்கு. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போர் மனத்துக்கு என்ன செய்கிறது என்பதை உள்ளேயிருந்தே பதிந்தார். 1998இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் வந்தது. தமிழில் 'மனவடு'வும் எழுதினார். உளமருத்துவர் சிவயோகனோடு சேர்ந்து, களத்தில் வேலை செய்கிறவர்களுக்காகத் தமிழ்ச் சமுதாயத்தின் உளநலம் பற்றி ஒரு கைந்நூலும் எழுதினார். 1987இல் தொடங்கிய சாந்திகம் உளவளத்துணை என்ற சொல்லை ஊருக்குள் கொண்டுவந்தது. உளமருத்துவர்களை விரல்விட்டு எண்ணலாம், பிள்ளைகளோ ஆயிரக்கணக்கில். அப்படியெண்டால் ஒவ்வொரு கிராமத்திலும் ஏற்கெனவே இருக்கிற, பிள்ளைகளை ஒவ்வொரு நாளும் காண்கிற ஒருவருக்குப் பயிற்சி குடுக்க வேணும். அது ஆசிரியர்.

ஜேர்மன் அபிவிருத்தி நிறுவனமான ஜி.ரி.இசட்.இன் உதவியோடு வடக்கில் ஆசிரியர்கள் உளவளத்துணையாளர்களாகப் பயிற்றப்பட்டார்கள். அப்படிப் பயின்றவர்களே சமாதான காலத்தில் வன்னியில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் போய் ஒவ்வொருவராக இருத்திக் கேள்வி கேட்டார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வில் 92 வீதமான பிள்ளைகள் செல்லடி, குண்டுவீச்சு, சாவு போன்ற கொடுமையான அனுபவங்களுக்கு உள்ளானவர்கள். ஏறத்தாழக் கால்வாசிப் பேருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருந்தது. 2004 டிசம்பர் சுனாமி மணற்காடு போன்ற கரையோரக் கிராமங்களைத் தின்றபோது இந்தப் பயிற்சியின் அருமை தெரிந்தது. சனத்தின் மொழியில் கதைக்கத் தெரிந்த உளவளத்துணையாளர் ஊரிலேயே இருந்தார்கள்.

இது உலகத்துக்கே பாடம் சொல்லக்கூடிய வேலை. ஆனால் அந்த அறையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. மேசைக்கு அங்கால பிள்ளை, இங்கால ஆசிரியர். "செல் விழுந்ததை நேரில் கண்டனீரோ? கனவில வருதோ? சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறதோ?" என்று அவர் வாசிக்கிறார். அந்த ஒவ்வொரு கேள்விக்கும் அவருக்குள்ளும் ஒரு பதில் இருக்கு. அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. ஆசிரியரைக் கேட்கிறவராகப் பழக்கிய திட்டம், அவரிடம் கேட்கிற ஒருவரை வைக்கவில்லை.

இரண்டு நாளில் இரண்டு அதிபர்கள்

2005 ஒக்டோபர் 11இல் கோப்பாய் கிறிஸ்தவ கல்லூரி அதிபர் சிவகடாட்சம் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த நாள், ஒக்டோபர் 12இல், யாழ் மத்திய கல்லூரி அதிபர் இராஜதுரை. இலங்கையில் ஆசிரியர் தினம் ஒக்டோபர் 6. வெற்றிலை குடுத்துக் காலில் விழுந்து ஒரு கிழமை ஆகவில்லை.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டினது. சீனி, மா, பெற்றோல், மருந்து எல்லாவற்றுக்கும் வரிசை. விடிய வெள்ளனச் சங்கக்கடை வரிசையில் நிண்டுபோட்டு ஏழரைக்குப் பிரார்த்தனைக்கு வந்த ரீச்சர், ஊரடங்குக்கு முன்னம் வீடு சேர வேணும். தெருவில் ஒவ்வொரு நாளும் ஒரு உடல் கிடந்த காலம் அது. தீவுப்பகுதிக்குப் போனவர்களுக்குக் குறிகட்டுவானில் கடற்படைச் சோதனை, பிறகு கடல். 1985இல் நெடுந்தீவிலிருந்து வந்த பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட அதே குமுதினிப் படகிலேயே ஆசிரியர்கள் வருடக்கணக்காகப் போய்வந்தார்கள்.

போர் முடிந்தது, சம்பளம்?

2009க்குப் பிறகு காயம் வேறு வடிவம் எடுத்தது. போர்க்காலத்தில் ஆளில்லாத பள்ளிக்கூடங்களைக் கொண்டு நடத்தியவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். சொற்பக் காசுக்கும் சும்மாவும் படிப்பித்துப்போட்டு, நிரந்தர நியமனம் கேட்டு யாழ்ப்பாண வீதிகளில் வெயிலில் இருந்தார்கள். "நீங்கள் தகுதிகாண் வரைமுறைக்குள் இல்லை" என்று சொல்லப்பட்டபோது, இளமை முழுதும் போன ஒரு மனிசிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

2021 யூலையில் இருந்து ஒக்டோபர் வரை இலங்கை முழுவதும் ஆசிரியர், அதிபர்கள் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடினார்கள். வடக்கும் தெற்கும் ஒன்றாக நின்ற அபூர்வமான போராட்டம். அதற்குக் கிடைத்த பதிலில் பாதி வசை: பிள்ளைகளின்ர வாழ்க்கையோட விளையாடுகினம். கூடின சம்பளத்தை 2022இல் பணவீக்கம் விழுங்கியது. மோட்டச்சைக்கிளுக்குப் பெற்றோல் எடுக்க இரவிரவாக வரிசையில் நின்றவர்களில் எங்கட சேர்மாரும் இருந்தவை.

ஆசிரியரின் உளநலம் என்றவுடன் தியானம், யோகா, ஒரு நாள் செயலமர்வு, மத்தியானம் பிரியாணி எண்டு முடிக்கிற பழக்கம் இருக்கிறது. மூச்சுப் பயிற்சி கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கடன், தூர இடமாற்றம், நியமனம் எல்லாமே மூச்சை அடைக்கிற விசயங்கள். இதைச் சரிசெய்யாமல் மூச்சை மட்டும் இழுத்து விடச் சொல்ல ஏலாது.

பிரம்பைப் பற்றியும்

இதை வாசிக்கிற சிலருக்குக் கோபம் வரும். "எனக்குப் பிரம்பால அடிச்ச மனிசனுக்கு நான் ஏன் இரங்க வேணும்?" நியாயமான கேள்வி. சுற்றறிக்கை தடுத்தும் அடி நிற்கவில்லை. சாதி சொல்லி ஏசினவர்களும், பெண்பிள்ளைகளை வதைத்தவர்களும் ஆசிரியர்களுக்குள் இருக்கிறார்கள். காயப்பட்டவர் என்பது யாருக்கும் மன்னிப்புச் சீட்டு இல்லை. ஆனால் வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு, அடுத்த நிமிடம் கடைசி வாங்கில் சிரித்தவனுக்கு விளாசின சேரை எங்களில் பலருக்குத் தெரியும். அப்ப எங்களுக்கு அது கெட்ட குணம். இப்ப யோசிக்க, அந்தத் திடுக்கிடலும் அந்த அடியும் ஒண்டோடொண்டு பின்னினவை போல இருக்கு. பிள்ளையைக் காப்பாற்ற வேணுமெண்டாலும் ஆசிரியரின் மனத்தைப் பார்த்தே ஆகவேணும். இரண்டும் எதிரெதிர்க் கோரிக்கைகள் இல்லை.

செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. பிள்ளைகளுக்கு உளவளத்துணை ஆசிரியர் இருக்கிறமாதிரி, ஐந்து கல்வி வலயங்களிலும் ஆசிரியர்களும் ஊழியர்களும் போய்க் கதைக்க, அதிபருக்கோ வலயத்துக்கோ அறிக்கை போகாத ஒரு ஆள் வேணும். பாரம் கேட்கிற உளவளத்துணை ஆசிரியருக்கு அவரின் பாரத்தை இறக்க ஒரு மாதாந்தச் சந்திப்பு வேணும். லீவு எடுத்தால் "உவவுக்கு விசர்" எண்டு ஓய்வறையில் கதைக்கிற பழக்கம் போகவேணும். அவசரத்துக்கு 1926 என்ற தேசிய உளநல இலக்கம் தமிழிலும் எடுக்கலாம் என்று ஆசிரியர் ஓய்வறைச் சுவரிலும் ஒட்டவேணும்.

எங்களால் ஏலுமானது ஒன்று இருக்கு. அடுத்தமுறை பழைய மாணவர் சங்கம் மலர் போடுகிறபோது, ஓய்வுபெற்ற ஒரு ரீச்சரிடமோ வோச்சரிடமோ போய் இருந்து, 95இல எங்க இருந்தனீங்கள், ஆரோட இருந்தனீங்கள், பிறகு நித்திரை வந்ததோ என்று கேட்போம். சொல்ல விருப்பமில்லை எண்டால் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வருவோம். முப்பது வருடம் எங்கட பெயரைக் கூப்பிட்ட ஆக்கள் அவை. "இருக்கிறன்" எண்டு சொல்ல அவைக்கும் ஒரு முறை இடம் குடுக்க வேணும்.