ஈடு
பழிவாங்கி வேலையை விட்டு நீக்கினால் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் பணம் முழுவதையுமே மஞ்சக்குப்பம் டீக்கடைகளில் 'நஷ்டஈடு' என்கிறார்கள். 'நஷ்டம்' வடசொல், அழிந்தது, காணாமற்போனது என்பது பழம்பொருள், வியாபாரத்தில் கைவிட்டுப்போன காசு என்ற பொருள் பிற்பாடு வந்தது. 'ஈடு' நம்முடையது, 'இடு' பெற்ற பிள்ளை. ஈடுகட்டுவது, வீட்டை ஈடுவைப்பது, ஈடுஇணை இல்லாதது எல்லாம் அதுவே. நம்பிள்ளையின் திருவாய்மொழி உரைக்கும் வைணவர்கள் வைத்த பெயர் ஈடுதான். 1961 வருமான வரிச் சட்டமோ, வேலை போனதற்கு முதலாளி தரும் தொகையைப் பொதுவாகச் சம்பளத்துக்குப் பதிலான ஆதாயம் என்றது. ஆதாயமாம்! தொழிலாளரின் ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை விலக்கு கொடுத்தது; நிலுவைச் சம்பளத்துக்கு வரி உண்டு, அந்தச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் கொஞ்சம் நிவாரணமும் இருந்தது. எனக்கு 'இழப்பீடு' பிடிக்கும். ஆனால் நிலுவைச் சம்பளத்தை அந்தப் பெயரில் அழைக்க மாட்டேன். அது உழைப்பவருக்குச் சேரவேண்டிய கூலி.