தோற்ற படையும் தப்பிய நோட்டுப் புத்தகமும்

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும் சார். உங்க காலத்துக் கல்லூரி நினைவா எழுதுங்களேன்" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். விடுதிச் சாம்பாரையும் கல்லூரி நாள் கலாட்டாவையும் பற்றி எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நம்மிடையே உண்டு. எனக்கு மறக்காமல் நிற்பது ஒரு வகுப்பு.

1976ஆம் ஆண்டு. பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பை நடத்தி முடித்த எங்கள் பேராசிரியர், "ஏம்ப்பா, கடைசில யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார். "நெல்சன் சார்!" என்று வகுப்பே கத்தியது. "அப்படியா? எகிப்தைப் பத்தி நெல்சன் உங்களுக்கு ஒரு வரியாவது சொல்லிக் கொடுத்தாரா?" என்றார். மணி அடித்துவிட்டது. அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது.

1798 மே மாதம் தூலோன் துறைமுகத்திலிருந்து பிரெஞ்சுக் கப்பல்கள் கிளம்பின. 30,000க்கும் மேற்பட்ட படைவீரர்கள். இந்தியாவுக்குப் போகும் ஆங்கிலேயரின் வழியை மறிப்பது நோக்கங்களில் ஒன்று. 1799 ஜனவரியில் நெப்போலியன் நம் பக்கத்து மைசூர் திப்பு சுல்தானுக்குக் கடிதமே எழுதினார். அது திப்புவின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஆண்டு மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்புவும் வீழ்ந்தார்.

போர் என்று பார்த்தால் இந்தப் படையெடுப்பு படுதோல்வி. 1798 ஜூலையில் பிரமிடுகள் அருகே மம்லூக்குகளை வென்றார்கள், வாஸ்தவம்தான். ஆனால் பதினோரு நாள் கழித்து ஆகஸ்டு 1ஆம் தேதி அபுகீர் விரிகுடாவில் பிரெஞ்சுக் கப்பற்படையை நெல்சன் நொறுக்கிவிட்டார். திரும்பிப் போக வழியில்லை. அடுத்த ஆண்டு நெப்போலியன் படையை விட்டுவிட்டு, ரகசியமாக பிரான்சுக்குக் கப்பலேறினார். 1801இல் மிச்சமிருந்தவர்கள் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார்கள்.

அதே கப்பல்களில் இன்னொரு கூட்டமும் வந்திருந்தது. கணித மேதைகள், வேதியியலார், தாவரவியலார், பொறியாளர்கள், ஓவியர்கள் என்று 150க்கும் மேற்பட்டவர்கள். 1798 ஆகஸ்டில் கெய்ரோவில் எகிப்துக் கழகம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தலைவர் மோன்ஜ், செயலாளர் ஃபூரியே. ஆமாம், கணிதத்துறை நண்பர்கள் பரீட்சைக்கு உருப்போட்ட 'ஃபூரியே தொடர்' இருக்கிறதே, அதே ஃபூரியேதான்! கழகத்தின் முதல் கூட்டத்தில் பிரமிடைப் பற்றிப் பேசவில்லை. நைல் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது, படைக்கு ரொட்டி சுடும் அடுப்பை எப்படி மேம்படுத்துவது, வெடிமருந்துக்கு என்ன வழி என்பவைதான் முதல் கேள்விகள். படைக்கு வேலை செய்யத்தான் அறிவியலை அழைத்து வந்திருந்தார்கள்.

மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வந்தவர்களில் வில்லியே என்ற பையனுக்கு வயது 18. பாரிஸ் பொறியியல் பள்ளியில் படிப்பை முடிக்காமலே கப்பலேறியவன். கெய்ரோவிலேயே மோன்ஜிடம் இறுதித் தேர்வு கொடுத்துத்தான் பொறியாளர் ஆனான். அவனையும் ஷோலுவா என்ற இளைஞரையும் நீர்ப்பாசனத்தை அளக்க மேல் எகிப்துக்கு அனுப்பினார்கள். இவர்களோ டெண்டரா, கர்னாக், லக்சோர் கோயில்களைப் பார்த்துச் சொக்கிப்போய், அளவு எடுக்கவும் படம் வரையவும் உட்கார்ந்துவிட்டார்கள். மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. திட்டு விழுந்தது. கேட்டால்தானே! பென்சில் தீர்ந்தபோது துப்பாக்கிக் குண்டின் ஈயத்தை உருக்கிப் பென்சிலாக்கி வரைந்திருக்கிறார்கள்.

அதற்கு முன் ஐரோப்பாவுக்குப் பழைய எகிப்து என்றால் கிரேக்க, ரோமானிய ஆசிரியர்கள் எழுதி வைத்ததும், பயணிகள் சிலரின் குறிப்புகளும்தான். ஒரு நாட்டின் கோயில்களை வரிசையாக அளந்து, தரைப்படம் போட்டு, தூண் தூணாக வரைந்தது இதுவே முதல் தடவை. 1809 முதல் இருபது ஆண்டுகளுக்கு, 'எகிப்து விவரணம்' என்ற பெரும் தொகுதிகளாக அது வெளிவந்தது. அதில் பிழைகளும் உண்டு. சித்திர எழுத்தைப் படிக்கத் தெரியாமலே வரைந்தவர்கள் அல்லவா? டெண்டரா கோயிலுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் கூடுதலாக வயது போட்டவர்களும் இருந்தார்கள். எழுத்து புரிந்த பிறகே அது கிரேக்க, ரோமானிய ஆட்சிக் காலத்துக் கட்டடம் என்று தெளிந்தது. ஊகம் தப்பானாலும் வரைபடம் வீணாகவில்லை. எலிஃபன்டைன் தீவில் மூன்றாம் அமென்ஹோடெப் கட்டிய கோயிலை 1822இல் இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்று அந்தக் கோயில் இருப்பது இவர்கள் வரைந்த தாளில்தான்.

அந்த எழுத்து புரிந்த கதையும் படையிலிருந்துதான் தொடங்குகிறது. 1799 ஜூலையில் ரஷீத் என்கிற ரொசெட்டா ஊருக்கு அருகே ஒரு பழைய கோட்டையைச் செப்பனிடும்போது, பூஷார் என்ற அதிகாரியின் கண்ணில் ஒரு கருங்கல் பட்டது. கி.மு. 196ஆம் ஆண்டின் அரசாணை, சித்திர எழுத்திலும், மக்கள் எழுத்தான டெமாட்டிக்கிலும், கிரேக்கத்திலும் அதில் வெட்டப்பட்டிருந்தது. கல்லின் மேல் மை தடவிக் காகிதத்தில் படி எடுத்தார்கள். சரணடையும்போது சேகரித்ததையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள் ஆங்கிலேயர். "எரித்தாலும் எரிப்போமே தவிரத் தரமாட்டோம்" என்கிற அளவுக்கு விலங்கியலார் ஜியோஃப்ராய் சந்த்-இலேர் மல்லுக்கு நின்றார். கடைசியில் குறிப்பேடுகளும் மாதிரிகளும் பிரெஞ்சுக்காரர்களுக்கு, கல் ஆங்கிலேயருக்கு என்று முடிந்தது. 1802இல் கல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயிற்று. படிகள் ஐரோப்பா முழுக்கப் பரவின. இங்கிலாந்தில் தாமஸ் யங் தாலமி மன்னரின் பெயரை அடையாளம் கண்டார். 1822 செப்டம்பரில் ஷாம்போலியோன் சித்திர எழுத்தின் ஒலிமுறையை அறிவித்தார். எகிப்தியல் என்ற படிப்பு பிறந்தது.

இதோடு நிறுத்தினால் கதை ரொம்ப அழகாக முடிந்துவிடும். ஆனால் அது பாதிக் கதைதான். 1798 அக்டோபரில் கெய்ரோ மக்கள் கிளர்ந்து எழுந்தபோது, அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் மீது பீரங்கிகள் முழங்கின. குதிரைகளோடு படைவீரர்கள் உள்ளே புகுந்தார்கள். இதை எழுதி வைத்தவர் கெய்ரோவின் வரலாற்றாசிரியர் அல்-ஜபர்த்தி. அதே மனிதர் எகிப்துக் கழகத்தின் நூலகத்துக்கும் போய், அங்கிருந்த புத்தகங்களையும் ஆய்வுகளையும் மனம் திறந்து பாராட்டியும் எழுதியிருக்கிறார். கோபத்தையும் வியப்பையும் ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்காமல் எழுதிய அவரைத்தான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் மகனைப் பார்க்க லண்டன் போனபோது அந்தக் கல்லின் முன் நின்றேன். மூன்று எழுத்து என்றுதானே படித்தோம்? பக்கவாட்டில் நாலாவதாக ஒன்று, வெள்ளைச் சாயத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. 1801இல் பிரிட்டிஷ் படை எகிப்தில் கைப்பற்றியது என்று! கூட்டம் முன்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நான் பக்கவாட்டிலேயே நின்றுவிட்டேன்.

2011 டிசம்பரில் கெய்ரோவில் நடந்த மோதலின்போது எகிப்துக் கழகத்தின் கட்டடம் தீப்பற்றி, விலை மதிப்பற்ற நூல்கள் பல கருகின. மிஞ்சியதைக் காப்பாற்றி வெளியே கொண்டுவந்தவர்களில் எகிப்தியத் தொண்டர்கள் இருந்தார்கள். அந்நியப் படையின் பெட்டியில் வந்த கழகம்தான். ஆனாலும் 'நம்முடையது' என்று அவர்கள் ஓடிப்போய் எடுத்தார்கள்.

எங்கள் பேராசிரியர் இன்று நம்மிடையே இல்லை. இருந்தால் இப்படிச் சொல்வேன்: "சார், நெல்சனும் இல்ல, நெப்போலியனும் இல்ல. திட்டு வாங்கிக்கிட்டே அந்தப் பையன் வரைஞ்ச நோட்டுதான் நின்னுது. ஆனா அதுக்கு விலை கொடுத்தது கெய்ரோ ஜனங்க." ரெண்டையும் ஒரே விடைத்தாளில் எழுதினால்தான் அவர் முழு மார்க் போடுவார். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளும் அப்படியே எழுதிப் பழகுங்கள்.