சிறுநீரக நோயும் குடல் நுண்ணுயிர்களும்: மைசூரிலிருந்து ஒரு மறுபார்வை

மைசூரின் செலுவாம்பா மாளிகையில் 1950-இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன் முன்னிருந்த பெரும் கேள்வி புரதப் பற்றாக்குறை. நிலக்கடலை மாவும் கடலைப்பருப்பு மாவும் கலந்த பல்நோக்கு உணவு அங்கே உருவானது. பின்னாளில் ஸ்பைருலினா ஆய்வும் வளர்ந்தது. சவலைக் குழந்தைகளுக்கு அது சரியான விடை. டயாலிசிஸை எட்டாத சிறுநீரக நோயாளிக்கோ கணக்கு வேறு. அவர் உண்ணும் புரதத்தின் கழிவைத்தான் பழுதுபட்ட சிறுநீரகம் வெளியேற்றியாக வேண்டும். ஒருவருக்குச் சத்தாவது இன்னொருவருக்குச் சுமையாகலாம். இந்த வேறுபாட்டைப் பாராமல் விற்கப்படும் துணைச்சத்துகளில், குடலைச் சீராக்கிச் சிறுநீரகத்தைக் காக்கும் என்று சொல்லப்படும் நுண்ணுயிர் மாத்திரைகளை இங்கே ஆராய்கிறேன்.

அந்தக் கூற்றுக்கு அறிவியல் அடிப்படை உண்டு. செரிக்காத புரதம் பெருங்குடலை அடையும்போது, அங்குள்ள நுண்ணுயிர்கள் டிரிப்டோஃபானை இண்டோலாகவும் டைரோசினைக் கிரெசோலாகவும் மாற்றுகின்றன. கல்லீரல் இண்டோலை இண்டாக்சில் சல்பேட்டாக ஆக்குகிறது, கிரெசோலும் சல்பேட்டாகிறது. இரண்டும் இரத்தத்தில் பெரும்பாலும் ஆல்புமினோடு ஒட்டியிருப்பதால் டயாலிசிஸ் அவற்றைச் சரிவர நீக்குவதில்லை. இன்னொரு பக்கம், இரத்தத்தில் ஏறிய யூரியா குடலுக்குள் கசிகிறது. யூரியேஸ் நொதியுள்ள நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாகச் சிதைக்க, குடற்சுவரின் பிணைப்பு தளர்கிறது. ஆகவே குடலைக் கவனிப்பது நியாயமே. எதைக் கொண்டு என்பதில்தான் வழக்கு.

அமெரிக்காவில் நடராஜன் ரங்கநாதன் நிறுவிய கிபோ பயோடெக் இத்துறையில் முன்னோடி. 2010-இல் வெளியான அதன் நுண்ணுயிர் மாத்திரையின் முன்னோட்ட ஆய்வில் 46 நோயாளிகள் பங்கேற்றனர். 29 பேருக்கு இரத்த யூரியா அளவு குறைந்தது. யூரியா குறைந்ததால் சிறுநீரகம் தேறிவிட்டது என்று கொள்ள முடியுமா? முடியாது என்பதே என் வாதம். அந்த மாத்திரையிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் இனம் யூரியாவைச் சிதைக்கவல்லது. சிதைவில் பிறக்கும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் தம் வளர்ச்சிக்கு உண்டால் நன்று; எஞ்சியது கல்லீரலுக்குப் போய் மீண்டும் யூரியாவாகும், குடற்சுவரையும் தாக்கக்கூடும். பரிசோதனைத் தாளில் எண் இறங்குவது ஒன்று, டயாலிசிஸ் தள்ளிப்போவது வேறொன்று. ஜப்பானில் 1991 முதல் புழங்கும் ஏஎஸ்டி-120 என்னும் கரி மருந்து இதை உணர்த்தியது. குடலிலேயே நச்சு முன்பொருள்களை ஈர்க்கும் அது, 2,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வுகளில் நோயின் போக்கைத் தடுத்ததாக நிறுவப்படவில்லை.

மாத்திரையைவிட நார்ச்சத்தின் பக்கம் காரணம் வலுவானது. நார் கிடைத்தால் நுண்ணுயிர்கள் புரதத்தைவிட அதையே நொதிக்கும்; மலச்சிக்கலும் தணியும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு 6 வாரம், செரிக்காமல் நாரைப் போலச் செயல்படும் எதிர்ப்பு மாவுச்சத்து கொடுத்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், ஆல்புமினோடு ஒட்டாத இண்டாக்சில் சல்பேட் குறைந்தது. இதுவும் இரத்த அளவுதான், முடிவான சான்றாகாது. ஆனால் நம் நோயாளிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்: பொட்டாசியத்துக்கு அஞ்சிக் கீரையும் பழமும் போகின்றன, பாஸ்பரஸுக்கு அஞ்சி முழுத்தானியம் போகிறது, மிஞ்சுவது வெள்ளைச் சோறு. நாரை நாமே பறித்துவிட்டுக் குடலுக்கு மாத்திரை எழுதுகிறோம்.

மைசூர் வட்டாரத்தின் அன்றாட உணவான ராகி முத்தேயை, அதாவது ராகிக் களியை, எடுத்துக்கொள்வோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் நார் சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. புரதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. பாஸ்பரஸ் ராகியில் இருமடங்கு என்றாலும், பெரும்பகுதி ஃபைடேட்டாகப் பிணைந்திருப்பதால் முழுதும் உடலில் சேராது. பொட்டாசியம்தான் தடை: 443 மில்லிகிராம், அரிசியில் 108. சோற்றைப் போல வடிநீரோடு பொட்டாசியம் வெளியேறவும் முத்தேயில் வழியில்லை. எனவே இரத்தப் பொட்டாசியம் கட்டுக்குள் இருப்பவருக்கே, அளவோடுதான் இது பொருந்தும்.

மாத்திரைகளுக்கு இத்தகைய கணக்கைக் கேட்பாரில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி துணைச்சத்து என்பது மருந்தன்று. நோயைத் தீர்க்கும் என்று உரிமை கொண்டாட அதற்கு அனுமதியில்லை. ஆயினும் நோயாளி அதை மருந்தென்றே விழுங்குகிறார், தாமே வாங்கினால் மருத்துவரிடம் சொல்வதுமில்லை.

உணவு ஆய்வுக்கூடமும் மருத்துவக் கல்லூரிகளும் ஒரே ஊரில் அமைந்திருப்பது மைசூரின் பேறு. தவிடு நீக்காத ராகியையும் நுண்ணுயிர் மாத்திரையையும் எதிரெதிரே நிறுத்தி, நச்சளவோடு மருத்துவமனைச் சேர்க்கையையும் டயாலிசிஸ் தொடங்கும் காலத்தையும் ஆண்டுக்கணக்கில் அளக்கும் ஆய்வை அவை கூட்டாக நடத்த வேண்டும். அதுவரை, நார் எவ்வளவு உண்கிறார் என்று விசாரிக்காமல் எந்த நோயாளிக்கும் குடல் மாத்திரையை எழுத வேண்டாமென மருத்துவர்களை வேண்டுகிறேன்.