300 டிகிரியில் பிறந்த புள்ளி

சில நானோமீட்டர் அளவே உள்ள குட்டிப் படிகங்களான குவாண்டம் புள்ளிகளை முதலில் பார்த்தது யார் என்று கேட்டால் இரண்டு பெயர் சொல்ல வேண்டும். ஒழுங்காகச் செய்து காட்டியது யார் என்று கேட்டால் மூன்றாவதாக ஒரு பெயர் வரும். 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை மூவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். எனக்கென்னவோ கதையின் கனம் மூன்றாமவரிடம்தான் இருக்கிறது.

முதல் ஆள் லெனின்கிராடில் இருந்தார். வாவிலோவ் ஒளியியல் நிறுவனத்தில் அலெக்ஸி எகிமோவ் வண்ணக் கண்ணாடிகளைக் குடைந்துகொண்டிருந்த காலம், 1970களின் கடைசி. ஒரே பொருளைக் கலந்து வார்த்தாலும், எத்தனை சூட்டில் எத்தனை நேரம் வைத்தோம் என்பதைப் பொறுத்துக் கண்ணாடியின் நிறம் மாறும். கண்ணாடி செய்கிறவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. ஏன் மாறுகிறது என்பதுதான் எகிமோவின் கேள்வி. செம்புக் குளோரைடு கலந்த கண்ணாடியை 500 முதல் 700 டிகிரி வரை, ஒரு மணி நேரத்திலிருந்து 96 மணி நேரம் வரை சுட்டுப் பார்த்தார். எக்ஸ் கதிரில் ஆராய்ந்தபோது உள்ளே 2 முதல் 30 நானோமீட்டர் வரை பல அளவில் குட்டிப் படிகங்கள் இருந்தன. படிகம் சிறுக்கச் சிறுக்க அது விழுங்கும் ஒளி நீலப் பக்கம் நகர்ந்தது. 1981இல் சோவியத் சஞ்சிகை ஒன்றில் இது வெளியானது.

இரண்டாமவர் லூயி புரூஸ். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை. தொலைபேசிக் கம்பெனியின் ஆய்வுக்கூடம் அது. வேதியியலாளர் ஒருவர் காட்மியம் சல்ஃபைடு தூளோடு விளையாட அங்கே யாரும் தடை சொல்லவில்லை. சூரிய ஒளியைக் கொண்டு வேதிவினை நடத்த முடியுமா என்று பார்ப்பதற்காகத் துகள்களைக் கரைசலில் மிகப் பொடியாகச் செய்து வைத்திருந்தார். கொஞ்ச காலம் மேஜையில் கிடந்த கரைசலை மறுபடி அளந்தால், ஒளியை விழுங்கும் விதம் மாறியிருந்தது. துகள்கள் வளர்ந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு இரண்டு அளவுகளை ஒப்பிட்டார். 12.5 நானோமீட்டர் துகள் சாதாரணக் காட்மியம் சல்ஃபைடு போலவே நடந்துகொண்டது. 4.5 நானோமீட்டர் துகளோ நீலத்துக்கு நகர்ந்திருந்தது. 1983இல் அவர் இதை வெளியிட்டபோது லெனின்கிராடில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

காரணம் இருவருக்கும் ஒன்றே. படிகத்துக்குள் ஓடும் எலெக்ட்ரானுக்கு அலையின் குணம் உண்டு. அது இயல்பாகப் பரவ வேண்டிய இடத்தைவிடப் படிகம் சிறியதாகிவிட்டால் எலெக்ட்ரான் நெருக்கப்படுகிறது, அதன் ஆற்றல் ஏறுகிறது. குட்டையான திமிரி நாயனத்தில் சுருதி ஏறி நிற்பதும் நீளமான பாரியில் இறங்கி ஒலிப்பதும் போல. ஒரு பொருளின் நிறத்தை மாற்ற வேறு பொருள் தேட வேண்டாம், அளவை மாற்றினால் போதும் என்பது அன்றைய வேதியியலுக்குப் புத்தம் புதிய செய்தி.

ஆனால் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எகிமோவின் படிகங்கள் கண்ணாடிக்குள் சிறைப்பட்டவை. வெளியே எடுக்க வழியில்லை. புரூஸின் படிகங்கள் கரைசலில் மிதந்தன, ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. மேற்பரப்பிலும் ஏகப்பட்ட குறை. அளவுதான் நிறம் என்கிற பொருளில் அளவு கலந்து கிடந்தால் நிறமும் கலங்கித்தான் கிடக்கும். பார்த்தாகிவிட்டது, புரிந்தும் ஆகிவிட்டது. அதற்குப் பின்னும் பத்தாண்டு இழுத்தது. கண்டுபிடிப்புக் கதைகளில் இந்தப் பகுதியைத்தான் பலரும் ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள்.

1988இல் புரூஸின் குழுவில் வந்து சேர்ந்தார் மௌங்கி பவெண்டி. பாரிஸில் பிறந்தவர், தந்தை துனீசியக் கணித அறிஞர். பிரான்சு, துனீசியா, பிறகு அமெரிக்காவின் இந்தியானா என்று பிள்ளைப் பருவம் கழிந்தது. ஹார்வர்டில் சேர்ந்து எழுதிய முதல் வேதியியல் தேர்வில் நூற்றுக்கு இருபது. வகுப்பிலேயே கடைசி மதிப்பெண். அதுவரை தேர்வுக்கென்று உட்கார்ந்து படிக்கும் பழக்கமே தமக்கு இருந்ததில்லை என்று நோபல் அறிவிப்பு வந்த அன்று அவரே சொன்னார். பிறகு படிக்கக் கற்றுக்கொண்டார்; சிகாகோவில் முனைவர் பட்டம். பெல் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு 1990இல் எம்.ஐ.டி.க்குப் போனார். படிகங்களை ஒரே அளவில் செய்யும் பிரச்சினையும் கூடவே போனது.

அங்கே மாணவர்கள் கிறிஸ்டோபர் மர்ரே, டேவிட் நோரிஸ் இருவரோடும் சேர்ந்து அவர் 1993இல் வெளியிட்ட முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ட்ரைஆக்டைல்பாஸ்பீன் ஆக்ஸைடு என்று ஒரு கரைப்பான்; யுரேனியத்தைப் பிரித்தெடுக்கப் பயன்பட்டுவந்த சரக்கு. அதைக் குடுவையிலிட்டு ஈரமும் காற்றும் நீக்கி, ஆர்கான் வாயுவுக்கடியில் ஏறத்தாழ 300 டிகிரிக்குக் கொண்டுபோகிறார்கள். இன்னொரு பக்கம் டைமெத்தில்காட்மியமும் செலினியக் கரைசலும் அறைச் சூட்டில் ஊசிக்குழலில் தயார். அடுப்பை விலக்கிவிட்டு ஊசியை ஒரே அழுத்தாக அழுத்துகிறார்கள். குடுவை நொடியில் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறுகிறது, சூடு 180 டிகிரிக்குச் சரிகிறது.

சூட்சுமம் அந்தச் சரிவில் இருக்கிறது. ஊசி இறங்கிய கணத்தில் கோடிக்கணக்கான படிக விதைகள் ஒன்றாகப் பிறக்கின்றன. சூடும் செறிவும் உடனே குறைந்துவிடுவதால் அதற்குப் பிறகு புதிதாக எதுவும் பிறக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே வயது, ஆகவே அநேகமாக ஒரே அளவு. இந்தத் தத்துவத்தை 1950இலேயே லா மெர் என்ற வேதியியலாளர் கந்தகக் கூழ்மங்களை வைத்துச் சொல்லிவிட்டார். காட்மியம் செலினைடு போன்ற குறைகடத்திக்கு அதைப் பொருத்தும் குடுவைதான் கிடைக்காமல் இருந்தது. பிறகு மெல்ல 230லிருந்து 260 டிகிரிக்குள் சூடேற்றினால் விதைகள் வளர்கின்றன. அவ்வப்போது ஒரு துளி எடுத்து ஒளியில் சோதிப்பார்கள். அளவு சிதற ஆரம்பித்தால் சூட்டைக் குறைப்பது, வளர்ச்சி நின்றுபோனால் கூட்டுவது என்று அடுப்படிக் கைப்பக்குவம்தான் எல்லாம். கரைப்பான் மூலக்கூறுகள் படிகத்தைச் சுற்றி எண்ணெய்ப் போர்வையாக ஒட்டிக்கொண்டு, படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் காக்கின்றன. கடைசியாக மெத்தனால் சொட்டினால் பெரியவை முதலில் படியும். அப்படிப் பிரித்தெடுத்தால் அளவு வேறுபாடு 5 விழுக்காட்டுக்கும் கீழே. 1.2 முதல் 11.5 நானோமீட்டர் வரை கேட்ட அளவில் காட்மியம் செலினைடு கிடைத்தது. 2 நானோமீட்டருக்கு நீலம், 6ஐ நெருங்கினால் சிவப்பு.

ஒளிர்வு மட்டும் சுமார்தான். 1996இல் சிகாகோவில் ஹைன்ஸ், கியோ-சியோன் என்ற இருவர் ஒவ்வொரு படிகத்துக்கும் மேலே துத்தநாக சல்ஃபைடு ஓடு போர்த்தி அதை 50 விழுக்காட்டுக்கு ஏற்றினார்கள். 1998இல் உயிரணுக்களை நிறமிட்டுப் பார்க்க இரண்டு குழுக்கள் இந்தப் புள்ளிகளை எடுத்துக்கொண்டன. ஒன்று, பவெண்டியைப் போலவே புரூஸிடம் பணியாற்றிய பால் அலிவிசாட்டோஸுடையது. டைமெத்தில்காட்மியம் கடும் நஞ்சு, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். 2001இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் பெங் என்பவர் அதற்குப் பதிலாகச் சாதாரணக் காட்மியம் ஆக்ஸைடே போதும் என்று காட்டினார். என் கணக்கில் நோபல் பட்டியலுக்கு வெளியே நிற்கும் முக்கியமான படி இதுதான். அதற்குப் பிறகே எந்த ஆய்வுக்கூடமும் துணிந்து இந்தக் குடுவையை அடுப்பில் ஏற்ற முடிந்தது.

2013இல் சோனி தொலைக்காட்சியில் புள்ளிகள் கடைக்கு வந்தன. காட்மியத்துக்கு ஐரோப்பிய மின்னணு விதிகள் 0.01 விழுக்காடு என்று வரம்பு வைத்திருக்கின்றன; அதனால் பல கம்பெனிகள் இண்டியம் பாஸ்பைடுக்கு மாறின. இன்று கியூலெட் என்று விற்கும் பெட்டிகளில் புள்ளி தானாக ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து வரும் நீல எல்.இ.டி. வெளிச்சத்தை வாங்கிச் சிவப்பாகவும் பச்சையாகவும் திருப்பித் தருகிறது. மின்சாரத்தை நேரே கொடுத்தே ஒளிர வைக்கும் திரைக்குச் சிவப்பும் பச்சையும் ஓரளவு ஒத்துழைக்கின்றன. நீலப் புள்ளி சீக்கிரம் மங்கிவிடுகிறது. குடுவைக்காரர்கள் இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.