வைரமேகன் ஏரியும் ஆறு பேர் வாரியமும்

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயிலில், குடத்தில் ஓலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஏரிக்கரை வரைக்கும் போகிறவர்கள் குறைவு. அந்தக் கல்வெட்டில் வரும் சபைக்கு இருந்த பெரிய கவலைகளில் ஒன்று ஏரிதான் என்பது படத்தில் விழுவதில்லை.

உத்திரமேரூர் இருக்கும் தொண்டை நாட்டின் வடிவமே அப்படி. காவிரியைப் போல மாதக்கணக்கில் ஓடும் ஆறு இங்கே இல்லை. பாலாறு பெரும்பாலும் மணல். ஜவ்வாது மலையில் பிறந்து திருமுக்கூடலில் பாலாற்றோடு சேரும் செய்யாறும் ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் புரண்டு வந்து அடங்கிவிடும். அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடித்துத் தைக்கு அப்பாலும் வைத்திருந்தால்தான் நெல். ஆகவே நிலம் எங்கே கொஞ்சம் சரிகிறதோ அங்கெல்லாம் கரை போட்டார்கள். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அது கீழ் ஏரிக்கு வரத்து. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ‘ஏரி மாவட்டம்’ என்ற பெயர் சும்மா வரவில்லை.

எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் இங்கே சதுர்வேதிமங்கலத்தை, அதாவது பிராமணர் ஊரை, அமைத்தான். அவன் மகன் தந்திவர்மனின் பட்டப்பெயர் வைரமேகன். ஏரிக்கும் அந்தப் பெயரே நிலைத்து, கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் ஆயிற்று. அரசன் பெயர் சூட்டியதோடு வேலை முடிந்ததா? வெள்ளம் தண்ணீரோடு வண்டலையும் கொண்டுவரும். ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏரி மேடாகும். அதற்கு அவர்கள் கண்ட வழி எனக்குக் குடவோலையைவிடவும் பிடித்தது. தர்மம் செய்ய நினைத்தவர்கள் பொன்னை ஏரி வாரியப் பெருமக்களிடம், அதாவது ஏரியைக் கவனித்த சபைக் குழுவிடம், கொடுத்தார்கள். முதலைத் தொடக் கூடாது. வட்டியில் ஆண்டுதோறும் தூர் வாரி, வாரிய மண்ணைக் கரையிலேயே போட வேண்டும். குழியும் ஆழமாகும், கரையும் உயரும். கோயில் விளக்குக்கு நெய் விட்ட அதே புண்ணியக் கணக்கில் சேறும் சேர்ந்தது.

பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு, 919-லும் 921-லும் வெட்டியவை. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பகுதிகளிலிருந்து முப்பது பேர் தேர்வானதும் பிரிப்பதற்கு ஒரு வரிசை சொல்கிறது இரண்டாவது கல்வெட்டு. ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள், இவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டுக் குழுவுக்கு. மிச்சத்தில் பன்னிரண்டு பேர் தோட்டத்துக்கு, ஆறு பேர் ஏரிக்கு. அதாவது தோட்டத்திலோ ஏரிக்கரையிலோ பாடுபட்டவனுக்குத்தான் மேலே போக வழி. பதவி 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் குடத்துக்குள் போகாது. அவன் நெருங்கிய உறவுக்காரர்கள் பெயரும் போகாது. இன்றைக்கு இந்த விதி வந்தால் குடம் பாதி காலியாகிவிடும்.

ஆனால் இதை ஊரே சேர்ந்து நடத்திய ஆட்சி என்று மேடையில் முழங்குவது மிகை. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35-லிருந்து 70 வரை வயது: இத்தனையும் உள்ளவனுக்குத்தான் ஓலை. பிராமணர் சபை அது. பெண்கள் இல்லை, அந்த வயல்களில் இறங்கி உழைத்தவர்களும் இல்லை.

பிற்காலத்துத் தொண்டை நாட்டு ஊர்களைப் பார்த்தால் ஏரியைச் சுற்றி இருந்தவர்கள் யாரென்று தெரியும். மண் வேலைக்கு ஒட்டர். மடை திறந்து, கடைமடை வரை வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்ச நீர்க்கட்டி. பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர். யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் தலைக்குள் இருக்கும். அறுவடையில் களத்து மேட்டிலேயே அவருக்கு நெல் அளந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய ஏரிகள் பொதுப்பணித்துறைக்குப் போயின. ஊரார் தாங்களே ஏரியைப் பராமரித்த குடிமராமத்து மெல்ல மெல்லத் தேய்ந்தது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்து ஏரிகளைத் தூர் வாரியது. நீர்க்கட்டிக்குக் களத்து நெல் திரும்பி வரவில்லை.

அடுத்த வாரம் மதுராந்தகம். அங்கே ஏரிக்கரை உடையாமல் இருக்க ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர், லயனல் பிளேஸ், ராமரிடம் வேண்டிக்கொண்டதாகக் கதை.

(தொடரும்)